மாப்பிள்ளை வீட்டு இரும்பு

வாங்க மாப்ளே, உக்காருங்க. வீடு அம்சமா எழும்பியிருக்கு. தூணு, உத்தரம், தளம்னு டன் கணக்குல கம்பி. வாசல்ல ஆள் உசரத்துக்குக் கேட்டு. ஜன்னலுக்கு மயிலு போட்ட கிரில்லு. எல்லாம் முதல் தரக் கம்பின்னு ஊரு பூரா சொல்லிட்டீங்க. கேக்காதவன் வீட்டுக்கும் போயிச் சொல்லிட்டு வந்தீங்க. இரும்பு விஷயத்துல உங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரே ஒரு இடம்தான் விட்டுப் போச்சு. வளந்த ஆளு ஒடம்புல இருக்கிற இரும்பு மொத்தமே 3, 4 கிராம். நம்ம பேத்தி கயலுக்கு அந்தக் கணக்குல துண்டு விழுதுன்னு பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தாங்களாமே, ஹீமோகுளோபின் 9.8னு? அந்தச் சீட்டு எங்கே? உங்க சட்டைப் பையிலயே இருந்து, வெளுப்புக்குப் போயிக் கூழாயிடுச்சாம். கம்பி வாங்கின ரசீது மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள்ள, சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா இருக்காம். எம்பொண்ணு சொன்னா. நான் எதுக்குக் கேக்கப்போறேன்? அவளாத்தான் சொன்னா.

நான் டாக்டருக்குப் படிச்சவன் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துல கம்பவுண்டரா இருந்து மாத்திரை எண்ணியே நரைச்சவன். டாக்டருங்க பேசுறது காதுல விழுந்துக்கிட்டேதான் இருக்கும். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்துல அவங்க மேசையில கெடக்குற புத்தகத்தைப் பிரிச்சா யாரு தடுக்கப் போறா? அதனால இந்தக் கிழவன் சொல்றதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. செல்போனைக் கீழ வைங்க. அது எங்கயும் ஓடிடாது.

நேத்து என்ன சொன்னீங்க? "எப்பப் பாரு படுத்தே கெடக்குறா மாமா, சோம்பேறிக் கழுதை." நல்லது. போன வருஷம் ரிலே ஓட்டத்துல கப்பு வாங்கியாந்த புள்ளை. இப்ப மாடிப்படி ஏறுனா பாதியில நின்னு மூச்சு வாங்குறா. ராத்திரி கெண்டைக்கால் வலிக்குதுன்னு ஆயா கையைப் பிடிச்சுத் தேய்க்கச் சொல்றா. ஒரே வருஷத்துல சோம்பேறியாகுறதுக்கு அவளுக்குப் பழக்கம் பத்தாதே மாப்ளே. அதுக்கெல்லாம் நம்ம மாதிரி ஆம்பிளைங்க டீக்கடை பெஞ்சுல உக்காந்து வருஷக்கணக்கா பயிற்சி எடுக்கணும்.

இரும்புன்னதும் ரத்தம்னு மட்டும்தான் நமக்குத் தெரியும். சரிதான், ஒடம்புல இருக்கிற இரும்புல மூணுல ரெண்டு பங்கு ரத்தச் செவப்பணுவுலதான் கெடக்கு. ஆனா தசைக்குள்ளயும் இரும்பு உண்டு. நம்பலைன்னா ஞாயித்துக்கிழமை கொழம்புச் சட்டியை எட்டிப் பாருங்க. நாட்டுக்கோழித் தொடை கருஞ்செவப்பா இருக்கும், நெஞ்சுக்கறி வெளுத்துக் கெடக்கும். ஏன்? கோழி நாள் பூரா காலால நடந்து, கிளறி, ஓடிப் பொழைக்குது. றெக்கையை அடிக்கிறது நாயி துரத்துனா மட்டும்தான். ஓயாம வேலை செய்யுற தசைக்குப் பிராணவாயு கையிருப்பு வேணும். அதைப் பிடிச்சு வைக்கிற புரதத்துக்கு மயோகுளோபின்னு பேரு. அதுக்கு நடுவுல உக்காந்திருக்கிறது இரும்பு. கறிக்குச் செவப்பு கொடுக்குறதும் அதுதான். நீங்க எப்பவும் எந்தத் துண்டைத் தேடி எடுத்துத் தட்டுல போட்டுக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் எதிர்லதானே உக்காந்து சாப்பிடுறேன்.

அதோட முடியலை. தசையில ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு பொடிப்பொடியா அடுப்பு எரியுது. சாப்பிட்டதைப் பிராணவாயு வச்சு எரிச்சுத் தெம்பாக்குற இடம் அது. அங்க வேலை பாக்குற புரதங்க பலதுக்கும் இரும்பு இல்லாமக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இரும்பு குறைஞ்சா எரிப்பு அரைகுறையா நிக்கும், லாக்டிக் அமிலம் சீக்கிரமாச் சேரும். கொஞ்சம் ஓடுனதுமே காலு கனக்கும். மத்த புள்ளைங்க நாலு சுத்து ஓடுற இடத்துல இது ரெண்டு சுத்துல உக்காந்துடும். பி.டி. வாத்தியாரு விசிலை ஊதிட்டு, "சோம்பேறி"ம்பாரு. அப்பனும் அதையே சொல்வாரு. ரெண்டு பேருக்கும் என்ன ஒத்துமை பாத்தீங்களா!

அமெரிக்காவுல எலியை வச்சு ஒரு சோதனை பண்ணினாங்க, 1976ல வெளிவந்தது. இரும்பு இல்லாத தீனி போட்டு எலிங்களை வளத்தாங்க. சோகை பிடிச்ச எலிக்கு ரத்தத்தை மாத்தி, நல்ல எலிக்கு இருக்கிற அளவு ஹீமோகுளோபின் ஆக்கி, ஓடுபட்டையில விட்டாங்க. ரத்தம் சரியாயிடுச்சு, ஓட்டம் சரியாகலை. இரும்பைக் கொடுத்த அப்புறம்தான், சில நாள்லயே, பழையபடி ஓடுச்சு. ஆக, கோளாறு ரத்தத்துல மட்டும் இல்லை, தசைக்குள்ளயும் இருந்திருக்கு. எலிக்குச் சோம்பேறின்னு பட்டம் கொடுக்க அங்க ஒரு அப்பன் இல்லாமப் போனதுதான், இதையெல்லாம் கண்டுபிடிக்க முடிஞ்சதுக்குக் காரணம்னு நான் நினைக்கிறேன்.

நம்ம காவிரிக் கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சதுதானே. மேட்டூரைத் தொறந்தா தலைமடைக்காரன் வயல்ல மொதல்ல தண்ணி நிக்கும். தட்டுப்பாடு வந்தா காயுறது வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை. ஒடம்புலயும் இதே பாசனம்தான். இரும்பு பத்தாக்குறை வந்தா, இருக்கிறதை ரத்தத்துக்குத்தான் மொதல்ல பாய்ச்சும். தசை, மூளையெல்லாம் கடைமடை. அதனால ரத்தப் பரிசோதனையில 12னு சரியாக் காட்டினாலும் உள்ள கையிருப்பு தீந்து, காலு சோர்ந்து கெடக்கலாம். கையிருப்பைப் பாக்க ஃபெரிட்டின்னு ஒரு சோதனை இருக்கு. கயலுக்கு 9.8. அப்படின்னா தலைமடையே காயத் தொடங்கிடுச்சுன்னு அர்த்தம். கடைமடை எப்பவோ வெடிச்சிருக்கும்.

உங்க வீட்டுச் சாப்பாட்டுப் பாசனத்தையும் சொல்லிடுறேனே. மொதல் பந்தி நீங்க. அடுத்தது தம்பிப் பய. "ஆம்பிளைப் புள்ளை, வளர்ற வயசு"ன்னு ஈரல் துண்டு அவன் தட்டுக்குப் போகுது. கயலும் அவ ஆத்தாளும் கடைசியா உக்காந்து, சட்டியை வழிச்சு, ரெண்டு உருளைக்கெழங்கும் கொழம்பும் ஊத்திப் பெசஞ்சு சாப்பிடுறாங்க. இப்ப ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்ட கணக்கைக் கேளுங்க: வளந்த ஆம்பிளைக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேணும், பொம்பளைக்கு 29. பதிமூணுலேருந்து பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு 30. உங்களைவிட ஒண்ணரை மடங்குக்கு மேல! மாசா மாசம் போற ரத்தத்துல ஒவ்வொரு மில்லியோடயும் அரை மில்லிகிராம் போகுது. அது போதாதுன்னு, இந்த வயசுலதான் புள்ளை மளமளன்னு வளருது, தசை கூடுது, ரத்தத்தோட அளவே கூடுது. செலவு ரெண்டு பக்கமும் ஏறுற நேரத்துல வரவை நிறுத்துறதுல நம்ம குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது.

நம்ம வீடு மட்டும் இப்படின்னு வருத்தப்படாதீங்க. 2019-21ல நாடு பூரா எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்புல, 15லேருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆம்பிளைங்கள்ல 25. நம்ம தமிழ்நாட்டுப் பொம்பளைங்க கணக்கு 53. கூட்டத்தோட கோவிந்தா போடுறதுக்கு ஆள் நெறைய இருக்கு.

வளர்த்தி விஷயத்துக்கு வர்றேன். இரும்பு கொடுத்தா புள்ளை பனைமரமா வளந்துடும்னு சொல்ற டானிக் விளம்பரத்துக்கு நான் ஆளு இல்லை. உசரத்துக்குச் சோறு வேணும், பருப்பு, முட்டை வேணும், தூக்கம் வேணும், அப்பன் ஆத்தா வாகும் வேணும். உங்க உசரத்துக்கு அவ எட்டுற வரைக்கும் எட்டட்டும், அதுல இரும்பைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இரும்பு வத்திப் போன புள்ளைக்குப் பசியும் செத்துப் போகும். பசி இல்லைன்னா மத்த எதைப் போட்டு என்ன? குஜராத்துல பரோடா பக்கம், பத்துலேருந்து பதினெட்டு வயசுப் பொண்ணுங்களுக்குத் தினம் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் மூணு மாசம் கொடுத்துப் பாத்தாங்க. மாத்திரை தின்ன புள்ளைங்க முக்கால் கிலோவுக்கு மேல எடை ஏறுனாங்க. கொடுக்காத புள்ளைங்க எடை ஏறுனதாவே பேரு இல்லை. மாத்திரை தின்னவங்களுக்கு நல்லாப் பசிச்சுச்சு, அதான் சூட்சுமம்.

கைப்புள்ளைக்கும் இதே கதைதான். பொறக்கும்போது ஆத்தாகிட்ட வாங்கியாந்த இரும்பு அஞ்சாறு மாசம் தாங்கும். தாய்ப்பால் அமிர்தம்தான், ஆனா அதுல இரும்பு கம்மி. ஆறு மாசத்துக்கு அப்புறமும் பாலும் பிஸ்கட்டுமே கொடுத்துக்கிட்டு இருந்தா, புள்ளை கொழுகொழுன்னு இருக்கும், நாக்கு வெளுத்துக் கெடக்கும். பாத்தவங்க கண்ணு பட்டுடுச்சும்பாங்க.

சரி, கயலு அரிசிப் பானையில கையை விட்டுப் பச்சரிசி மெல்லுறாளாமே? ஆயாக்காரி என்ன சொன்னா? "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்டி!" மழை வந்தா நமக்கு நல்லதுதானே மாப்ளே, சம்பாவுக்கு ஆகுமே. வெளையாட்டை விடுங்க. அரிசி, பல்பம், செங்கல் தூளு, திருநீறுன்னு நாக்கு தேடி அலையுறதுக்கு இரும்புக் குறையும் ஒரு காரணமா இருக்கலாம். அரிசி மெல்லுற எல்லாருக்கும் சோகைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மென்னா வைய்யாம, வைய்யுற நேரத்துல ரத்தத்தைப் பரிசோதிக்கலாம்ல? கீழ் இமையைக் கொஞ்சம் எறக்கிப் பாருங்க, வெளுத்திருக்கும். நகத்தைப் பாருங்க. ரொம்ப முத்துனா நடுவுல குழி விழுந்து, ஒரு சொட்டுத் தண்ணி தேங்கி நிக்கும்.

இப்ப நீங்க கேப்பீங்க, நாங்களும்தான் பீட்ரூட்டு, மாதுளைன்னு வாங்கிப் போடுறோமேன்னு. நெறத்தைப் பாத்து ஏமாந்தவங்க நம்ம ஆளுங்க. செவப்பா இருந்தா ரத்தம் ஊறும்னு யாரோ சொல்லிட்டான். நூறு கிராம் பீட்ரூட்டுல ஒரு மில்லிகிராம் இரும்பு தேறாது. மாதுளையில அதுல பாதிகூட இல்லை. பழம் நல்லது, சாப்பிடட்டும், ஆனா அதைக் காட்டிச் சீட்டைத் தொலைச்சதை நியாயப்படுத்தாதீங்க. நூறு கிராம் கம்புல சுமாரா 6 மில்லிகிராம் இருக்கு. நீங்க பெருமையா வாங்குற மல்லிப்பூ வெள்ளை அரிசியில ஒண்ணுகூட இல்லை. தீட்டித் தீட்டி மில்லுக்காரன் தவிட்டை மாட்டுக்கு அனுப்பிட்டான். நம்ம ஊரு மாடெல்லாம் எப்படித் தெம்பா இருக்கு பாருங்க.

கம்புலயும் ஒரு சிக்கல் உண்டு. தானியத்துல இருக்கிற பைட்டேட்டு இரும்பைக் குடலுக்குள்ள ஏறவிடாமப் பிடிச்சு வச்சுக்கும். ஊற வச்சா, முளை கட்டினா, கூழைப் புளிக்க வச்சா அது கொறையும். கெழவிங்க ராத்திரியே கம்பங்கூழைக் கரைச்சுப் புளிக்க வச்சது சும்மா இல்லை. தானியம், கீரையில இருக்கிற இரும்புல பத்துல ஒரு பங்கு ஒடம்புல ஒட்டுனாலே பெரிசு. கூடவே எலுமிச்சம்பழம், நெல்லிக்கா, கொய்யான்னு ஒண்ணு சேந்தா கூட ஒட்டும். கறி, ஈரல்ல இருக்கிற இரும்பு வேற சாதி, அதுல கூடுதலா ஏறும். கறியோட சேத்துத் தின்னா கீரையில இருக்கிறதையும் அது இழுத்துக்கிட்டு ஏறும்.

உங்க கல்யாணத்துக்கு நான் கொடுத்த இரும்புச் சட்டி எங்கே? பரண்ல கெடக்கா, காயலான் கடைக்காரன் பேரீச்சம்பழத்துக்கு எடுத்துக்கிட்டானா? அதுல புளிக்கொழம்பு கொதிச்சா கொஞ்சம் இரும்பு கொழம்புலயும் எறங்கும். நான்ஸ்டிக்ல ஒட்டாதுங்கிறீங்க. ஒட்டாது, ஒடம்புலயும் ஒண்ணும் ஒட்டாது. ரேஷன் அரிசியில நூத்துக்கு ஒண்ணு செறிவூட்டுன அரிசி கலந்து கொடுத்தாங்க, இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் போட்டு. அதைப் பிளாஸ்டிக் அரிசின்னு வாட்சப்புல பாத்துட்டு, மொறத்துல வச்சு ஒவ்வொண்ணாப் பொறுக்கி வெளிய போட்டீங்களாம். அவ்வளவு பொறுமை இருக்கிற குடும்பத்தை நான் பாத்ததே இல்லை.

டீ வெசயத்துக்கு வருவோம். சோறு உண்ட கையோட சுடச்சுட டீ. நீங்க குடிக்கிறது போதாதுன்னு புள்ளைக்கும் ஒரு டம்ளர். டீயோட துவர்ப்பு, சாப்பாட்டுல இருக்கிற இரும்புல பாதிக்கு மேல ஏறவிடாம மறிச்சுடும். சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல ஒரு ஆராய்ச்சி நடந்தது, 1979ல இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில வந்தது. ரத்தசோகை இருந்த தொழிலாளிங்களுக்கு இரும்பு கொடுத்தாங்க. ஹீமோகுளோபின் ஏறுனவங்க பறிச்ச கொழுந்தோட எடையும் ஏறுச்சு. ரொம்பக் கம்மியா, 6லேருந்து 9 வரைக்கும் இருந்தவங்களுக்குத்தான் முன்னேத்தம் கூடுதல். வேலை நேரத்துல மட்டுமில்லை, வீட்டுலயும் அவங்க நடமாட்டம் மூணே வாரத்துல கூடுச்சாம். அந்த மலைத் தோட்டங்கள்ல கொழுந்து பறிக்க வம்சம் வம்சமாப் போனவங்க யாரு? திருச்சி, புதுக்கோட்டை, நம்ம பக்கத்துச் சனங்கதான் நெறையப் பேரு. கொழுந்து எடை கொறைஞ்சப்ப கங்காணி அவங்களை என்ன பேரு சொல்லித் திட்டியிருப்பான்? நேத்து நீங்க சொன்ன அதே பேருதான்னு நான் பந்தயம் கட்டுவேன்.

டீயை விடச் சொல்லலை. உங்ககிட்ட அதைச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? சாப்பிட்டு ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் தள்ளிக் குடிங்க. புள்ளைக்கு வேண்டாம்.

மாத்திரைக் கதை இன்னும் வேடிக்கை. பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு நாள் நீல மாத்திரை கொடுக்குறாங்க. பாதி கக்கூஸுல, மீதி கொல்லையில. கேட்டா, புள்ளை பொறக்காம இருக்கிறதுக்குக் கொடுக்குறாங்கன்னு ஒருத்தி கெளப்பி விட்டாளாம். மலம் கறுப்பாப் போகுதுன்னு இன்னொருத்தி அலறுனாளாம். கறுப்பாத்தான் போகும். ஏறாத மிச்ச இரும்பு அது, பயப்பட ஒண்ணுமில்லை. எங்க நிலையத்து வாசல்லயே மாத்திரையைக் கொட்டிட்டுப் போவாங்க. மழை பெஞ்சா நீலமா ஓடும். அந்த எடத்துல மொளைச்ச வேப்பங்கன்னு நல்லாத்தான் வளந்துச்சு.

கயலுக்கு வாரத்துக்கு ஒண்ணு இப்ப பத்தாது. டாக்டரம்மாகிட்ட மறுபடி கூட்டிக்கிட்டுப் போங்க, அவங்க எழுதுற அளவு கொடுங்க. குமட்டுனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கலாமான்னு கேளுங்க. பாலோட, டீயோட, சுண்ணாம்புச் சத்து மாத்திரையோட சேத்துக் கொடுக்க வேண்டாம். 12 வந்ததும், "ஆச்சு"ன்னு நிறுத்திடாதீங்க. கையிருப்பு ரொம்ப இன்னும் மூணு மாசம் போகணும். மாத்திரை கொடுத்தும் ஏறவே இல்லைன்னா வேற காரணம் இருக்கான்னு பாக்கணும். வயித்துல கொக்கிப்புழு குடி வச்சிருந்தாலும் ரத்தத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். வெறுங்காலோட கொல்லைக்குப் போறதை நிறுத்துங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடுக்குற பூச்சி மாத்திரையையாவது முழுங்கச் சொல்லுங்க. தலசீமியான்னு பரம்பரையா வர்றதும் ஒண்ணு இருக்கு. அதுக்கு இரும்பை அள்ளிக் கொடுத்தா கெடுதல், அதான் சோதிச்சுட்டுக் கொடுக்கணும்னு சொல்றேன். மாத்திரை அட்டையை உசரத்துல வைங்க. தம்பிப் பய மிட்டாய்னு கையளவு முழுங்குனா உயிருக்கே ஆபத்து. நீங்களும் தெம்புக்குன்னு ரெண்டு போட்டுக்காதீங்க. உங்களுக்கு மாச மாசம் செலவு கெடையாது, தேவை இல்லாதது உள்ள தங்கிடும். ஆம்பிளைக்கு ரத்தம் கொறைஞ்சா எங்கயாச்சும் கசியுதான்னு சந்தேகப்படணும், அதுக்கு டாக்டரைத்தான் பாக்கணும், மாத்திரை டப்பாவை இல்லை.

மாறுறதுக்கு நாள் ஆகும். ரெண்டு மூணு வாரத்துல கொஞ்சம் முகம் தெளியும், அப்புறம் பசி வரும். அதுவரைக்கும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாம இருக்க முடியுமா பாருங்க. நாக்கு அரிச்சா என்னைத் திட்டுங்க. எனக்குக் காது மந்தம்.

இன்னொண்ணு மாப்ளே. கறிக்கடை பாய்கிட்ட ஞாயித்துக்கிழமைக்கு ஒரு சுவரொட்டியும் கால் கிலோ ஈரலும் சொல்லி வச்சிருக்கேன். வயசான செவப்பணுவை உடைச்சு இரும்பைச் சேக்குற எடம் மண்ணீரல், அதனால சுவரொட்டி சொன்னேன். உங்க பேருல சொல்லியிருக்கேன். காசு நீங்க கொடுத்துடுங்க. நல்லா வேகவச்சு வறுக்கச் சொல்லுங்க, எலுமிச்சம்பழம் நான் கொல்லையிலேருந்து கொண்டாரேன். மொதல் பந்தியில நானும் கயலும் அவ ஆத்தாளும் உக்காருறோம். நீங்க பரிமாறுங்க.